பாப்பாவின் ஜெர்மன்காரர்கள்

"மாட்டுக்கே வரி கேட்டிருக்கானுங்க லா, ஜெர்மன்ல. தெரியுமா உனக்கு?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள் பாப்பா. சாணி அள்ளிக்கொண்டிருந்த முத்தம்மா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இந்தக் கேள்வியை அவள் நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தெரியும் என்றாலும் கதை வரும், தெரியாது என்றாலும் கதை வரும். கூடையைப் பிடி என்று மட்டும் சொன்னாள். பாப்பா கூடையைப் பிடித்துக்கொண்டே ஜெர்மனிக்குப் போய்விட்டாள்.

கோலா கங்சார் ரோட்டிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே தள்ளி இருக்கும் ரப்பர் தோட்டம் அது, கித்தாத் தோட்டம் என்பார்கள். சாயங்காலமானால், வேலையாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் மாட்டுக் கொட்டாய்களில் பாப்பாவைப் பார்க்கலாம். ஒரு கொட்டாயில் கன்றுக்குட்டியின் காதைத் தூக்கி உண்ணி இருக்கிறதா என்று பார்ப்பாள். அடுத்ததில், புல் இவ்வளவு ஈரமாகப் போட்டால் வயிறு ஊதாதா என்று சண்டை பிடிப்பாள். அவளுக்கென்று சொந்தமாக ஒரு மாடும் கிடையாது. ஆனால் தோட்டத்தில் எந்த மாடு தும்மினாலும் முதலில் தெரிவது அவளுக்குத்தான்.

பெயர்தான் பாப்பா. ஆள் வாசல் நிலையில் நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் வராது. ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயது. பாலெடுக்க மரம் வெட்டப் போகும்போது கைலிக்கு மேல் செத்துப்போன புருஷன் பத்துமலையின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வாள். காலில் இருக்கும் ரப்பர் பூட்சுகளில் இடது கறுப்பு, வலது மஞ்சள். கேட்டால், "ரெண்டு காலும் ஒரே நாள்லயா கிழியுது? கிழிஞ்ச காலுக்குத்தானே புதுசு வேணும்" என்பாள். இன்னொரு கோளாறும் உண்டு. வேடிக்கையான விஷயத்தைச் சொல்வதற்கு முன்பே சிரித்துவிடுவாள். கண்ணீர் வரச் சிரித்து, மூக்கைச் சிந்தி, கடைசியில் சொல்ல வந்ததைச் சொல்லும்போது கேட்கிறவர்கள் சிரித்து முடித்திருப்பார்கள்.

ஜெர்மனி அவளுக்கு வந்த கதை இதுதான். 1976-இல் தொழிற்சங்கத்துக்காரர்கள் தோட்டத்துக்கு ஒரு பெண்ணை ஈப்போவில் நடக்கும் வகுப்புக்கு அனுப்பச் சொன்னார்கள். ஆட்களை மேய்க்கிற மண்டோர் சீனியின் பெண்சாதிக்குச் சரியாக அன்றைக்குக் காய்ச்சல் வந்தது. வேறு ஒருத்தியின் புருஷன் கூடாது என்றுவிட்டான். பாப்பாவுக்குக் கூடாது என்று சொல்ல ஆளில்லை. தவிர, மத்தியானம் பிரியாணி போடுவார்கள் என்று ஒரு பேச்சும் இருந்தது. அங்கே புந்தோங்கில் தங்கச்சி வீடு இருக்கிறது, ஒரு படம் பார்க்கலாம், ரவிக்கைத் துணி எடுக்கலாம் என்று கிளம்பிப் போய்விட்டாள்.

பிரியாணி உண்மைதான். அதைப் போட்டுவிட்டு, மேலே காற்றாடியும் ஓட விட்டு, மனித உரிமைகளின் வரலாறு என்று ஒரு வகுப்பை வைத்தால் யார்தான் விழித்திருப்பார்கள்? கண்ணாடி போட்ட ஒல்லியான ஆசிரியர் ஒருவர் ஐரோப்பாவிலிருந்து ஆரம்பித்தார். பாப்பா நன்றாகவே தூங்கினாள். அவளுக்குத் தெரியாமலே ஒரு போப்பாண்டவர் போனார், நாலைந்து ராஜாக்கள் போனார்கள். திடீரென்று 'மாடு' என்ற சொல் காதில் விழுந்தது. கண்ணைத் திறந்துவிட்டாள்.

ஆசிரியர் சொல்லிக்கொண்டிருந்தது 1525-ஆம் வருஷத்துச் சங்கதி. தெற்கு ஜெர்மனியில் விவசாயிகள் ஒரு ஊரில் கூடிப் பன்னிரண்டு கோரிக்கைகளை எழுதினார்கள். ஆற்றில் மீன் பிடிக்க விடு, காட்டில் விறகு எடுக்க விடு, எங்கள் மேய்ச்சல் நிலத்தைத் திருப்பிக் கொடு, நாங்கள் உனக்கு அடிமை இல்லை என்றெல்லாம் அதில் இருந்தது. குடியானவன் ஒருவன் செத்துப்போனால், அவன் வீட்டில் இருப்பதிலேயே நல்ல மாட்டைப் பண்ணையார் ஓட்டிக்கொண்டு போவது அந்த நாட்டு வழக்கமாம். பதினோராவது கோரிக்கை, விதவையிடமும் பிள்ளைகளிடமும் இப்படிப் பிடுங்குவதை அடியோடு நிறுத்து என்பது.

பாப்பா எழுந்து நின்றாள். "ஐயா, அந்த மாட்டை யாரு வந்து ஓட்டிக்கிட்டுப் போவா? பண்ணையாரே வருவாரா, ஆள் விட்டு அனுப்புவாரா?"

பிரியாணிக்குப் பிந்திய வகுப்பில் அந்த மனுஷனை அதுவரை யாரும் கேள்வி கேட்டதில்லை போலிருக்கிறது. முகம் மலர்ந்துவிட்டது. தேநீரையும் மறந்து, தனக்குத் தெரிந்ததையெல்லாம் அவளுக்குக் கொட்டிவிட்டார். பிரெஞ்சு தேசத்தில் 1789-இல் மனிதன் எல்லாரும் சமம் என்று எழுதி வைத்ததைச் சொன்னபோது, பொம்பளைக்கு எப்போது எழுதினார்கள் என்று கேட்டாள். இரண்டு வருஷம் கழித்து ஒரு அம்மாள் எழுதினாள், பிறகு அவள் தலையை வெட்டிவிட்டார்கள் என்றார் அவர். பாப்பா, அந்த அம்மாவுக்கு மாடு கன்று ஏதாவது இருந்ததா என்று விசாரித்தாள்.

வகுப்புக்குப் போனவள் ஆளே மாறி வந்தாள் என்று எழுதினால் அது புளுகு. அவள் படமும் பார்த்தாள், ரவிக்கைத் துணியும் எடுத்தாள். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கினவளோடு ஜெர்மன்காரர்களும் இறங்கிவிட்டார்கள். பன்னிரண்டு கோரிக்கைகளையும் விரல் விட்டு எண்ணிச் சொல்ல உட்காருவாள். ஏழோடு நின்றுவிடும். மிச்சத்தை பஸ்ஸில் விட்டுவிட்டேன் என்பாள். இங்கிலாந்து ராஜாவைக் கொண்டுபோய்ப் பிரெஞ்சு தேசத்தில் உட்கார வைப்பாள். யாரும் கண்டுகொள்வதில்லை, அவர்களுக்கு இரண்டு ராஜாவும் ஒன்றுதான்.

அந்தக் கதைகளில் லயத்துச் சனத்துக்கு ரொம்பப் பிடித்தது நத்தை. அறுவடை நேரத்தில், வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது, ஒரு சீமாட்டி தன் குடியானவர்களைக் கூப்பிட்டு, நூல் சுற்றிக்கொள்ள நத்தை ஓடு பொறுக்கி வரச் சொன்னாளாம். அதிலிருந்துதான் கலகமே கிளம்பியது என்று சொல்வதுண்டு என்றார் ஆசிரியர். பாப்பா அந்த 'சொல்வதுண்டு' என்பதைக் கழற்றிப் போட்டுவிட்டாள். அவள் கதையில் சீமாட்டி குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள், இது சின்ன ஓடு, அது உடைந்த ஓடு என்று குறை சொல்வாள். கொஞ்ச நாளில், ஞாயிற்றுக்கிழமை சம்பளமில்லாமல் ஆபீஸ் வாசலைச் சுத்தம் பண்ணக் கூப்பிட்டால் அதற்கு நத்தை என்றே பெயராகிவிட்டது. "எங்க போற?" "நத்தை பொறுக்க." ஆபீஸ் குமாஸ்தாக்களுக்குத் தலைவரான பெரிய கிராணி முத்துராமனுக்கு இது மட்டும் புரியவே இல்லை. இந்த ஜனங்கள் எப்போதிருந்து நத்தை சாப்பிட ஆரம்பித்தார்கள் என்று மண்டோரிடம் கேட்டாராம்.

வீரம்மாவின் சேவலைத் தோட்டத்துக் காவலாளி பிடித்துக்கொண்டு போன சமயத்தில், பாப்பா இங்கிலாந்தை இறக்கினாள். ஒரு ஆளைப் பிடித்து வைத்தால் அவனை நீதிபதி முன்னால் கொண்டுவந்து நிறுத்திக் காரணம் சொல்ல வேண்டும் என்று 1679-இல் அங்கே சட்டம் போட்டிருக்கிறார்கள். "சேவலைக் கொண்டாந்து நிறுத்து. என்ன குத்தம் பண்ணுச்சுன்னு நாலு பேரு கேக்கட்டும்" என்று காவலாளி வீட்டு வாசலில் சட்டமாக உட்கார்ந்துவிட்டாள். சேவலோ கொண்டுவந்து நிறுத்த முடியாத நிலைமையில் இருந்தது. மசாலா வாசம் தெரு முனை வரை வந்துகொண்டிருந்தது. இனி கோழி வளர்ப்பதில்லை என்று வீரம்மா சபதம் போட்டதும், பாதிச் சட்டிக் கறியோடு வழக்கு முடிந்ததும் அன்றைக்குத்தான்.

ஒன்றை மட்டும் பாப்பா யாருக்கும் சொன்னதில்லை. அந்தப் பன்னிரண்டு கோரிக்கைகளும் என்ன ஆயின என்று ஆசிரியர் அன்றைக்கே சொல்லியிருந்தார். பிரபுக்கள் படை திரட்டி வந்தார்கள். வயல் வெளியில் விவசாயிகளை ஆயிரம் ஆயிரமாக வெட்டிப் போட்டார்கள். கேட்டது ஏறக்குறைய எதுவும் கிடைக்கவில்லை. கதை கேட்கிறவர்கள், அப்புறம் என்னதான் ஆச்சு என்று கேட்டால், "எனக்கு பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு லா, வந்துட்டேன்" என்பாள். பேச்சை மாற்றிவிடுவாள்.

இவ்வளவும் ஏன் அவளை இப்படிப் பிடித்துக்கொண்டது என்று கேட்டால், அதற்கு இந்தத் தோட்டத்து வழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே மாடு வளர்க்க ஆபீஸில் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி குடும்பத் தலைவன் பெயரில்தான் இருக்கும். அவன் செத்துவிட்டால் அதைப் பெண்சாதி பெயருக்கு மாற்ற வேண்டும். அதைச் செய்து கொடுப்பவர் பெரிய கிராணி. அவர் காசு கேட்க மாட்டார், அந்தப் பழக்கமே அவருக்குக் கிடையாது. கருமாதி முடிந்ததும், கொட்டாயில் இருப்பதில் நல்ல மாடு ஒன்று கிராணி வீட்டுக் கொட்டாய்க்கு நடந்து போகும். மிச்சம் இருப்பதை வைத்துக்கொள்ளலாம். கேட்டால், "துரை உத்தரவு" என்பார். துரை கண்ணில் அந்த மாடு பட்டதே இல்லை. இதை அநியாயம் என்று யாரும் நினைத்ததும் இல்லை, பேர் மாத்துற மாடு என்று அதற்கு ஒரு பெயரே இருந்தது. வீரம்மா கொடுத்தாள். முத்தம்மா கொடுத்தாள். பத்துமலை செத்த வருஷம் பாப்பாவும் கொடுத்தாள். நல்ல கறவை. தானே கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய், கிராணி வீட்டில் கட்டி, பெரிய மனசுங்க ஐயா என்று கும்பிட்டுவிட்டு வந்தாள். அந்தக் கும்பிடுதான் அவளுக்கு இன்னும் செரிக்கவில்லை. மாடு போனதையும், மிச்சமிருந்த கிழமாடு பிறகு செத்துப்போனதையும்கூட ஆற்றிக்கொண்டாள்.

போன வருஷம், 1979-இல், செல்லாயியின் புருஷன் ஐயாவு மரக்கிளை விழுந்து செத்துப்போனான். செல்லாயிக்கு முப்பது வயதுதான், மூன்றும் சின்னப் பிள்ளைகள். கொட்டாயில் இரண்டு மாடு. ஒன்று பல்லுப்போன கிழடு. இன்னொன்று மகராசி, இரண்டு வேளையும் கறப்பாள். அந்தப் பாலைத் தோட்டத்திலும் ரோட்டோரக் கடையிலும் விற்றுத்தான் இனி அடுப்பு எரிய வேண்டும். கருமாதி முடிந்த மறுநாள் மண்டோர் சீனி வந்து, வாசலில் நின்று, பெயர் மாற்றுகிற விஷயத்தைக் கிராணி ஞாபகப்படுத்தச் சொன்னார் என்றான். சொல்லும்போது அவன் மகராசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

செல்லாயி கொடுக்கவே தயாராக இருந்தாள். பேர் மாத்திக் குடுக்கிறாரே, சும்மா செய்வாரா என்றாள். பாப்பா விடவில்லை. ஜெர்மன்காரர்களையெல்லாம் கொண்டுவந்து அந்தச் சின்ன வீட்டுக்குள் உட்கார வைத்தாள். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே வேண்டாம் என்று சொன்ன அநியாயம் இது என்றாள். செல்லாயி பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"அக்கா, அவனுங்க ஜெயிச்சானுங்களா?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்ல பாப்பாவுக்கு வாய் வரவில்லை. "இல்ல. கொன்னுட்டானுங்க" என்றாள்.

செல்லாயி அழ ஆரம்பித்துவிட்டாள். அப்படியென்றால் என்னை ஏன் கெடுக்கிறாய், இருக்கிற ஒரு வேலையும் போய்விட்டால் இந்தப் பிள்ளைகளை நீயா வளர்ப்பாய் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். கிராணியைப் பகைத்துக்கொண்டால் மறுநாள் காலைப் பெரட்டில், பெயர் வாசித்து வேலை பிரிக்கும்போதே தெரியும், பால் வற்றிய மரங்கள் இருக்கும் மேட்டு நிரையைத்தான் கொடுப்பார். பாப்பா எழுந்து வெளியே வந்து, கொட்டாயில் மகராசியின் கழுத்தைச் சொறிந்தபடி வெகு நேரம் நின்றாள். பிறகு திடீரென்று தனக்குத்தானே சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணீர் வந்து, மூக்கைச் சிந்தி, முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனாள்.

"செல்லாயி, ஜெர்மன்ல மாடு கிராணிக்குப் போகல லா. துரைக்குத்தான் போச்சு. இங்கயும் துரை உத்தரவுன்னுதானே சொல்றாரு? துரைக்கே குடுத்துருவோம்."

செல்லாயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் எப்படியும் போகப்போகிற மாடு, யார் கொட்டாய்க்குப் போனால் என்ன என்று தலையாட்டினாள்.

இங்கே துரை என்றால் வெள்ளைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளைக்காரர் போய் வருஷங்களாகிவிட்டன. இப்போது மேனேஜராக இருப்பவர் தைப்பிங்கில் பிறந்த சீனர், தோட்டத்துக்கு வந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. நாற்காலி மாறவில்லை, அதனால் பெயரும் மாறவில்லை. நல்ல மனுஷரா கெட்ட மனுஷரா என்று கண்டுபிடிக்கிற அளவுக்கு அவர் யாரோடும் பேசியதில்லை. அவர் பேசுவதெல்லாம் ஆர்க்கிட் செடிகளோடு. பங்களா முகப்பில் வரிசையாகத் தொட்டிகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைக்கால் சட்டையோடு, ஒவ்வொரு பூவுக்கும் தண்ணீர் பீய்ச்சி, இலையைத் துடைத்து, குழந்தையைக் கொஞ்சுவதுபோலக் கொஞ்சிக்கொண்டிருப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகராசியைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கோயில் பூசாரியிடம் கேட்டு வாங்கிய மாலையைக் கழுத்தில் போட்டு, பாப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். மேலே பத்துமலையின் சட்டை, கீழே ஒரு கால் கறுப்பு, ஒரு கால் மஞ்சள். பின்னால் செல்லாயி. அவளுக்குத் துணையாக வீரம்மாவும் முத்தம்மாவும். அவர்களுக்குப் பின்னால், துணையும் இல்லை ஒன்றும் இல்லை, வேடிக்கை பார்க்க மட்டும் பாதி லயம். வேலையாட்கள் போகிற பின்வழியை விட்டுவிட்டு, பெரிய கேட் வழியாகவே உள்ளே போனார்கள். காவலாளி எழுந்து வந்தவன் பாப்பாவைப் பார்த்ததும் சேவல் ஞாபகம் வந்து உட்கார்ந்துவிட்டான்.

முகப்புத் தூணில் மகராசியைக் கட்டினாள் பாப்பா. கயிற்றை ஏன் அவ்வளவு நீளமாக விட்டாள் என்பதை அவளிடம்தான் கேட்க வேண்டும். துரை திரும்பிப் பார்ப்பதற்குள் ஊதா நிறத்தில் ஒரு கொத்து மகராசியின் வாய்க்குள் போய்விட்டது.

"சியாப்பா பூஞா லெம்பு?" என்று அலறினார் துரை. யாருடைய மாடு இது?

"துவான் பூஞா" என்றாள் பாப்பா, ரொம்பப் பணிவாக. உங்களுடையதுதான்.

பிறகு தனக்குத் தெரிந்த மலாயில் நிதானமாக விளக்கினாள். ஐயாவு செத்துவிட்டான். செத்தவன் வீட்டில் நல்ல மாடு துரைக்கு என்பது துரை உத்தரவு. வழக்கமாகக் கிராணி ஐயா வீட்டில் கொண்டுபோய்க் கட்டுவோம். பாவம், துரைக்குச் சேர வேண்டியதை அவர் எத்தனை நாள்தான் தீனி போட்டு வளர்ப்பார்? அதனால் நேரே கொண்டுவந்துவிட்டோம், ஏற்றுக்கொள்ள வேண்டும். அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மகராசி வெள்ளைப் பூத்தொட்டிக்கு வந்து, அதை உருட்டி உடைத்துவிட்டாள்.

துரையின் முகம் சிவந்த சிவப்பைப் பார்த்துச் செல்லாயி முத்தம்மாவின் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். எவன் கேட்டான் மாடு, நான் எந்தக் காலத்தில் அப்படி உத்தரவு போட்டேன், அவிழ்த்துக்கொண்டு போ என்று கத்தினார். பாப்பா அசையவில்லை. யாரும் கொடுக்கவும் வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம், அப்படித்தானே துவான் என்று கேட்டாள். அப்படித்தான், அப்படித்தான், முதலில் அவிழ் என்றார். அவர் சொன்னதைப் பாதி லயம் கேட்டது. பாப்பா அவிழ்த்து, கயிற்றைச் செல்லாயியின் கையில் கொடுத்தாள். அவள் கை கயிற்றை எப்படிப் பற்றிக்கொண்டது என்றால், இனி துரையே வந்தாலும் பிரிக்க முடியாது.

அதற்குள் விஷயம் கேள்விப்பட்டு பெரிய கிராணி முத்துராமன் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. துரை கூர்க்கத்தி மாதிரி அவர் பக்கம் திரும்பினார். கிராணி பதற்றப்படவே இல்லை, அவருடைய கெட்டிக்காரத்தனம் அதுதான். இந்தப் பொம்பளைகள் புருஷன் செத்த துக்கத்தில் ஏதோ உளறுகிறார்கள், அப்படி ஒரு வழக்கம் இங்கே கிடையவே கிடையாது, தன் கொட்டாயில் இருப்பதெல்லாம் தான் விலைக்கு வாங்கிய மாடுகள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

துரை அவரைப் பார்த்தார். உடைந்த தொட்டியைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, எல்லாருக்கும் புரிகிற மலாயில் கேட்டார். இதற்கு முன்னால் யாராவது மாடு கொடுத்திருக்கிறீர்களா? கொடுத்தவர்கள் இருந்தால் கையைத் தூக்குங்கள்.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். முத்தம்மா முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள். வீரம்மா கூட்டத்து ஓரத்தில் நின்ற மண்டோரைப் பார்த்தாள், மண்டோர் மரத்தைப் பார்த்தான். கிராணி ஒவ்வொரு முகமாக, நிதானமாக, மனதில் வைத்துக்கொள்வதுபோலப் பார்த்துக்கொண்டு வந்தார். நாளைக் காலைப் பெரட்டில் அவர்தான் பெயர் வாசிப்பார்.

எதற்கெடுத்தாலும் ஜெர்மனியை இழுக்கிற பாப்பா இந்த முறை அதை இழுக்கவில்லை. பத்துமலையின் சட்டைக் கை தோள் வரை இறங்க, வலது கையை நேராக மேலே தூக்கினாள். கிராணியின் பார்வை அவளிடம் வந்து நின்றது. அவள் கையை இறக்கவில்லை. மற்றக் கையைப் பின்னால் விட்டு, வீரம்மாவின் இடுப்பில் ஓங்கி ஒரு கிள்ளு கிள்ளினாள்.